தெருவின் அடிமண்: அதனை உறுதிப்படுத்திய முயற்சிகளின் வரலாறு

தெருவிற் செல்வோர் காண்பது அதன் மேற்பரப்பை மட்டுமே. கருந்தார் படிந்த அப்பரப்பே வண்டிகளின் பாரத்தைத் தாங்குகின்றது என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. சில்லின் வழியே இறங்கும் பாரம், தார்ப்பரப்பையும் அதன் கீழுள்ள கற்படையையும் கடந்து, பரந்து தணிந்து, ஈற்றில் இயற்கை மண்ணையே சென்றடைகின்றது. அம்மண் அமிழ்ந்தால் அதன்மேல் அமைந்த யாவும் அமிழும். கோடையிற் பாறைபோல் நின்ற மண், மாரியிற் சேறாகி வண்டிச் சில்லை அச்சுவரை விழுங்குவதைக் காணாத ஊர் இல்லை எனலாம். மண்ணும் மாறவில்லை, பாரமும் மாறவில்லை. இடையிற் புகுந்தது நீர்.

தெருவமைப்போர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அடிமண்ணை உறுதிப்படுத்த மேற்கொண்ட முயற்சிகள் யாவும் இந்நீரை வெல்வதற்கு எழுந்தவையே. கல், சுண்ணாம்பு, சீமெந்து, தார் என்று தொடங்கி, இரசாயனத் தொழிற்சாலைகளிற் பிறந்த பல்பகுதியங்கள் வரை கருவிகள் மாறிவந்தன. நோக்கம் மாறவில்லை. அந்நோக்கத்தை மறவாது இவ்வரலாற்றை ஆராயின், புதிதாக வரும் பொருள்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஓர் அளவுகோல் கிடைக்கும்.

பண்டைத் தெருக்கள்

கி. மு. 312-இல் அப்பியசு குளோடியசு என்னும் உரோம அதிகாரி தொடங்கிய அப்பியன் பெருந்தெரு, இன்றும் பகுதி பகுதியாக நிலைத்திருக்கின்றது. உரோமர் கையாண்ட முறை எளிது: மென்மையான மண்ணை அகழ்ந்து அகற்றிவிட்டு, அவ்விடத்திற் கற்களைப் பல படைகளாக இட்டு நிரப்பி, மேலே பெரிய தட்டைக் கற்களைப் பொருத்தினர். அடிமண்ணைத் திருத்துவதைவிட அதனைத் தடித்த கற்படையால் மூடிவிடுதலே அவர் கண்ட வழி. இதற்கு வேண்டிய உழைப்பு அளவிறந்தது. ஒரு பேரரசின் படைபலமும் அடிமை உழைப்பும் இன்றி இம்முறை எங்கும் பரவுதல் அரிது.

அத்துணைப் பெருந்தெருவும் நீரின் முன் தடுமாறிய இடம் உண்டு. உரோமுக்குத் தெற்கேயுள்ள பொன்றைன் சதுப்பு நிலத்தின் ஊடாக அது சென்றது. அவ்விடத்திற் தெருவை அடுத்து ஒரு கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. பயணிகள் பலர் தெருவைவிட்டு இரவிலே படகேறிச் சென்றனர். ஓராசு என்னும் இலத்தீன் புலவர் தாம் அவ்வாறு சென்றதைப் பாடியுள்ளார்.

மண்ணை அகற்றாது அதனோடு வேறொரு பொருளைக் கலந்து இறுகச் செய்யும் எண்ணமும் பழமையானதே. சீனர் களிமண், மணல், சுண்ணாம்பு என்னும் மூன்றையும் கலந்து இடித்து இறுக்கினர். சுண்ணாம்புச் சாந்திலே பசையரிசிக் கஞ்சியைச் சேர்த்துச் சுவர்களையும் கல்லறைகளையும் கட்டினர். பசையரிசியிலுள்ள மாப்பொருள் சாந்தின் துணிக்கைகளை நெருக்கமாகப் பிணைத்தமையே அதன் உறுதிக்குக் காரணம் என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தமிழ்நாட்டுக் கட்டடக் கலைஞரும் சுண்ணாம்புச் சாந்திற் கடுக்காய் நீரையும் பனைவெல்லத்தையும் சேர்த்தனர். உயிர்ப்பொருள்களிலிருந்து பெற்ற பசையினால் மண்ணையும் சாந்தையும் பிணைக்கலாம் என்னும் அறிவு, இரசாயனம் என்னும் துறை தோன்றுமுன்னரே மக்கட்கு இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மக்காடம் கூறிய உண்மை

ஐரோப்பாவிற் தெருவமைப்பு ஒரு முறையான கலையாக மீண்டும் தலையெடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டிலாகும். பிரான்சு நாட்டிலே இலிமோசு பகுதியிற் பணியாற்றிய திரெசாகே என்னும் பொறியியலாளர், அடிமண்ணின் பரப்பையே நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிவாக அமைத்தார். மேலே விழும் மழைநீர் மட்டுமன்றி, உள்ளே கசிந்த நீரும் ஓரங்களுக்கு வழிந்துபோதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இங்கிலாந்திலே தோமசு தெல்போட் பெரிய கற்களைக் கையால் ஒழுங்காக நிறுத்தி அடித்தளம் இட்டார்.

இவர் காலத்தவரான யோன் இலவுடன் மக்காடம் இதனின்றும் வேறுபட்டார். 1756-இல் ஸ்கொத்துலாந்திலே பிறந்த இவர், 1816-இற் பிரித்தல் நகரைச் சூழ்ந்த சுங்கத் தெருக்களின் தலைமை மேற்பார்வையாளரானார். பெருங்கல் அடித்தளம் வேண்டியதில்லை என்பது அவர் துணிபு. பாரத்தை உண்மையிலே தாங்குவது இயற்கை மண்ணே என்றும், அம்மண் உலர்ந்திருக்குமளவும் எந்தப் பாரத்தையும் அமிழாது தாங்கும் என்றும் அவர் வற்புறுத்தினார். ஆதலால், தெருவைச் சூழவுள்ள நீர்மட்டத்துக்கு மேலே அடிமண்ணை உயர்த்தி, ஆறு அவுன்சுக்கு மேற்படாத சிறு கற்களைப் பத்து அங்குலத் தடிப்பிற்குப் பரப்பினார். கோணங்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ள, அச்சிறு கற்கள் மண்ணுக்கு ஒரு கூரையாயின. தெருவின் கற்படை பாரத்தைத் தாங்கும் தூண் அன்று. மழையைத் தடுக்கும் கூரையே என்பதுதான் மக்காடம் தந்த புதிய நோக்கு.

இதே காலத்தில் இலங்கையிலே தேசாதிபதி எட்வேட் பாண்சு கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெருவை அமைப்பித்தார். 1820-இல், பதினாறு வயதளவிலே, தெருவேலையிற் புகுந்த தோமசு ஸ்கின்னர் பின்னர் இத்தீவின் தெருக்களுக்குப் பெருந்தொண்டு புரிந்து, 1867-இல் ஓய்வு பெற்றார். மழைவீழ்ச்சி மிக்க கடுகண்ணாவை மலைச்சாரலிற் தெருவமைப்பவனுக்குக் கல்லைப் பரப்புதலினும் வெள்ளத்தை வழிப்படுத்துதலே பெரும்பணி. கானும் மதகும் பழுதுபட்ட இடத்தில் அடிமண் இளகுவதும், தெரு சரிவதும் ஒரே மாரியில் நிகழ்வன.

அனுபவம் அறிவியலாதல்

மக்காடம் கூறியது அனுபவ உண்மை. நீர் புகுந்த மண் ஏன் வலிகுன்றுகின்றது என்பதற்கு அவரிடம் விடையில்லை. அவ்விடை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் அல்பேட் அற்றபேக், களிமண்ணிற் சேரும் நீரின் அளவுக்கேற்ப அது திண்மமாகவும், பிசையத்தக்க குழைவுடையதாகவும், ஈற்றில் ஓடும் குழம்பாகவும் மாறும் எல்லைகளை 1911-இல் வரையறுத்தார். வேளாண்மைக்கு உதவுமாறு அவர் செய்த இவ்வாய்வு, பின்னர் தெருப் பொறியியலாளர் கையில் இன்றியமையாத கருவியாயிற்று. 1925-இல் வியன்னாவிலே தம் நூலை வெளியிட்ட காள் தெர்சாகி என்பார், மண்ணின் பொறியியலுக்கு அடிப்படை வகுத்தார். மண்ணின் உறுதி அதன் துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்தி உராய்வதினின்றே பெரிதும் பிறக்கின்றது. துணிக்கைகளின் இடைவெளியில் நீர் நிறைந்து, வெளியேற வழியின்றி நிற்குமாயின், மேலே ஏற்றிய பாரத்தின் ஒரு பகுதியை அந்நீரே ஏற்றுக்கொள்கின்றது. நீருக்கு உராய்வில்லை. ஆகவே துணிக்கைகள் வழுக்கி விலகுகின்றன, மண் இளகுகின்றது. தெருவோரத்துச் சேற்றின் இரகசியம் இதுவே.

ஆயினும், நீர் முற்றிலும் பகையன்று. மண்ணை இறுக்கும்போது சிறிது நீர் சேர்த்தலே துணிக்கைகள் நெருங்கி அமர உதவும் என்பதையும், ஒவ்வொரு மண்ணுக்கும் அவ்வளவு இவ்வளவென ஒரு சிறந்த ஈரநிலை உண்டு என்பதையும், உலோசு ஏஞ்சல்சு நகரில் அணைக்கட்டுப் பணியில் ஈடுபட்ட பிறொக்டர் 1933-இல் விளக்கினார். கலிபோனியா மாநிலத்துப் பெருந்தெருப் பகுதியைச் சேர்ந்த போட்டர், 1920-களின் இறுதியில் அடிமண்ணின் தாங்குதிறனை அளக்கும் ஒரு சோதனையை அமைத்தார். இறுக்கிய மண்ணினுள் ஓர் உருளையை அழுத்தி, அதற்கு வேண்டிய விசையை உடைகல்லில் வேண்டப்படும் விசையோடு ஒப்பிடுவதே அச்சோதனை. அதிற் கருதத்தக்க சிறப்பு ஒன்றுண்டு: மண் மாதிரி முதலில் நான்கு நாள் நீரில் ஊறவைக்கப்படும். உலர்ந்த மண்ணைச் சோதித்து மகிழ்வதிற் பயனில்லை. மாரியின் கொடிய நிலையிலும் அது எவ்வளவு தாங்கும் என்பதே வினா. மக்காடத்தின் பாடம் ஓர் அளவையாக உருப்பெற்றது இங்கேதான்.

சீமெந்தும் சுண்ணாம்பும்

யோசேப்பு அசுப்தின் 1824-இல் உரிமை பெற்ற போட்லந்து சீமெந்து, கட்டடங்களுக்கு விரைவிற் பயன்பட்டபோதும், மண்ணோடு கலத்தற்குரிய பொருளாகக் கருதப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1915-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடாவிலே சரசோற்றா என்னும் ஊரிற் சிப்பியையும் மணலையும் சீமெந்தையும் கலப்பையால் உழுது கலந்து ஒரு தெரு அமைக்கப்பட்டது. 1935-இலேதான், தென் கரோலினா மாநிலத்து யோன்சன்வில் என்னும் ஊருக்கு அண்மையில், ஒன்றரை மைல் நீளத்துக்கு மண்-சீமெந்துத் தெரு முறையான ஆய்வோடு அமைக்கப்பட்டது. அளந்து சேர்த்த சீமெந்து, பிறொக்டர் வகுத்த ஈரநிலை, போதிய இறுக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே கையாளப்பட்டமையால் அத்தெரு வெற்றிபெற்றது. தொலைவிலிருந்து கல் கொண்டுவர இயலாத இடங்களில், காலடியிலுள்ள மண்ணையே கல்லாக்கலாம் என்பது நாடுகள் பலவற்றுக்கு நம்பிக்கை தந்தது.

சீமெந்து நீரோடு சேர்ந்து, துணிக்கைகளுக்கிடையே வன்மையான பாலங்களை அமைக்கின்றது. மணலுக்கு இது சிறந்தது. குழைவு மிக்க களிமண்ணுக்கோ சுண்ணாம்பே ஏற்றது. களித்துணிக்கைகளைச் சூழ்ந்துள்ள அயன்களின் இடத்தைச் சுண்ணாம்பின் கல்சியம் அயன்கள் பற்றிக்கொள்ள, மெல்லிய தகடு போன்ற அத்துணிக்கைகள் திரண்டு, ஒட்டுந்தன்மை நீங்கி, உதிருந்தன்மை பெறுகின்றன. பின்னர் மெல்ல மெல்ல இறுக்கமும் உண்டாகின்றது.

இத்தகைய களிமண்ணுக்கு இலங்கையின் வடபாலிலேயே ஓர் எடுத்துக்காட்டுண்டு. மன்னாரை அடுத்த முருங்கன் பகுதியின் கருங்களி, கோடையிற் பாளம் பாளமாக வெடித்து, மாரியில் வீங்கிக் காலைப் பற்றும் இயல்பினது. தெருவுக்குப் பெரும்பகையான அம்முருங்கன் களியே, யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோடு சேர்த்துச் சுடப்பட்டு, காங்கேசன்துறைத் தொழிற்சாலையிற் சீமெந்தாயிற்று. 1950-இல் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை, போரின் காரணமாக 1990-இல் நின்றுபோயிற்று. ஒரே மண், ஊறிய நிலையில் தெருவைக் குலைப்பதும், சுட்ட நிலையிற் தெருவைப் பிணைப்பதும் எண்ணத்தக்கது.

எனினும் சீமெந்துக்குக் குறைகள் உண்டு. சீமெந்திட்ட மண் இறுகும்போது சுருங்கி வெடிக்கும். வெடிப்பின் வழியே மழைநீர் மீண்டும் அடிமண்ணைச் சென்றடையும். அது வன்மையானதேயன்றி வளையுந்தன்மை உடையதன்று. இக்குறைகளே வேறு பிணைபொருள்களைத் தேடும்படி செய்தன.

பல்பகுதியங்களின் வருகை

எண்ணற்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலி போலக் கோக்கப்பட்டு உருவாகும் பெருமூலக்கூறே பல்பகுதியம். மாப்பொருள், பருத்தி, பட்டு, இரப்பர் என்பன இயற்கை தந்த பல்பகுதியங்கள். இத்தகைய நீண்ட சங்கிலிகள் உண்டு என்னும் கொள்கையை ஏர்மன் ஸ்தவுடிங்கர் என்னும் செர்மானிய அறிஞர் 1920-இல் வெளியிட்டபோது, அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கிடையில் செயற்கைப் பல்பகுதியங்கள் உலகெங்கும் பரவிவிட்டன.

இவற்றை மண்ணிற் கலக்கும் முயற்சியைத் தூண்டியது யுத்தம். சேற்று நிலத்தையும் மணற் கடற்கரையையும் சில மணி நேரத்தில் வண்டிகள் செல்லத்தக்க தரையாக்குதல் படைகளின் தேவையாயிற்று. சீமெந்து இறுகும்வரை காத்திருக்கப் படைக்கு நேரமில்லை. அமெரிக்கப் படைப் பொறியியற் பிரிவினரின் ஆதரவில் மசாச்சுசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தில் ஆராய்ச்சிகள் நடைபெற்றன. அவற்றிற் சிறந்து நின்றது கல்சியம் அக்கிரிலேற்று என்னும் பொருள். இதனை ஊக்கிகளோடு ஈரமண்ணிற் கலந்தால், மண்ணினுள்ளேயே சிறு மூலக்கூறுகள் இணைந்து பல்பகுதியமாகி வலைபோற் பின்னிக்கொள்ளும். உலர்ந்தபோது கடினமாகவும், ஈரமானபோதும் கரையாது இரப்பர்போல் வளைந்தும் நின்ற களிமண் ஆய்வுகூடத்தார்க்கு வியப்பளித்தது. இவ்வாய்வைப் பற்றி உலாம் என்பவர் 1951-இல் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகின்றது. ஆனால், விலை மிகுதியால் அப்பொருள் ஆய்வுகூடத்தைக் கடந்து பெருந்தெருவுக்கு வரவில்லை.

இத்துறையில் எழுந்த முதற் பாடம் விலை. இரண்டாவது பாடம் நஞ்சு. நிலத்தினுட் செலுத்தி நீர்க்கசிவை அடைப்பதற்கு அக்கிரிலமைட்டு என்னும் சிறு மூலக்கூற்றைக் கொண்ட கரைசல்கள் 1950-களில் விற்பனைக்கு வந்தன. பல்பகுதியமாகிய பின் அப்பொருளாற் தீங்கு மிகக் குறைவு. ஆகாது எஞ்சிய பகுதியோ நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. 1974-இல் யப்பானின் புக்குவோக்காப் பகுதியில், நிலத்திற் செலுத்தப்பட்ட இத்தகைய கரைசல் கிணற்று நீரிற் கலந்து, அதனைப் பருகியோர் நோயுற்றனர். 1997-இற் சுவீடனின் கலாண்டுசோசு என்னும் குன்றினூடே புகைவண்டிச் சுரங்கம் அகழ்ந்தபோது இவ்வகைப் பொருள் நீரிற் கசிந்து, மீன்கள் இறந்தன, கால்நடைகள் முடங்கின, வேலை நிறுத்தப்பட்டது. இவை தெருவேலையில் நிகழ்ந்தவை அல்ல. ஆயினும் மண்ணுக்குள் இடப்படுவது எதுவாயினும் ஒருநாள் கிணற்றை அடையக்கூடும் என்பதைத் தெருவமைப்போரும் இவற்றால் உணர்ந்தனர். நிலத்தடி நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணம் போன்ற நிலங்களுக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும்.

பிற்காலத்திற் தெருமண்ணுக்கு வந்த பல்பகுதியங்கள் வேறு வகையின. தொழிற்சாலையிலேயே பல்பகுதியமாக்கப்பட்ட வினைல் அசற்றேற்று, அக்கிரிலிக்கு முதலியவை நுண்ணிய துளிகளாக நீரில் மிதக்கும் பால்மமாகக் கொண்டுவரப்படுகின்றன. மண்ணோடு கலந்து இறுக்கியபின், நீர் ஆவியாக, துளிகள் நெருங்கி ஒன்றாகி, துணிக்கைகளைச் சுற்றி மெல்லிய படலமாகவும், அவற்றுக்கிடையே பாலமாகவும் அமைகின்றன. இப்பாலம் சீமெந்தின் பாலம்போல் எளிதில் முறிவதன்று. சிறிது நீண்டு வளையும். 2002-இல் மிசிசிப்பி மாநிலத்து விக்சுபேக்கிலுள்ள அமெரிக்கப் படைப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார், வண்டல் கலந்த மணலில் இத்தகைய பொருள்களை உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் சோதித்து வெளியிட்டனர். சில பல்பகுதியங்கள் சிறிய அளவிலேயே குறிப்பிடத்தக்க உறுதியை அளித்தன. பெரும் பெயரோடு விற்கப்படும் வேறு சில பொருள்களாற் பயன் காணப்படவில்லை.

இப்பால்மங்களுக்கும் எல்லையுண்டு. மணலிற் சிறக்கும் அவை களிமண்ணில் அத்துணைச் சிறப்பதில்லை; களித்துணிக்கைகள் மிக நுண்ணியவையாதலால், அவற்றின் பரப்பு முழுவதையும் பூசுதற்குப் பெருமளவு பால்மம் வேண்டும். நீர் ஆவியாகும்வரை மழை பெய்யாதிருத்தலும் வேண்டும். உலர்ந்தபோது பெற்ற உறுதியின் ஒரு பகுதி, நெடுநேரம் நீரில் ஊறினால் குறைவதும் உண்டு. தேய்ந்து உதிரும் பல்பகுதியத் துகள்கள் நிலத்திலும் நீரிலும் சேர்வதால் விளைவது யாது என்னும் கேள்வியும் எழுந்துள்ளது.

அவுஸ்திரேலியாவிலே கையாளப்படும் முறை ஒன்று இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. நுண்ணிய சாம்பலின்மேற் பல்பகுதியத்தைப் படியச்செய்து, சுண்ணாம்போடு கூட்டி, உலர்ந்த தூளாகவே மண்ணிற் கலக்கின்றனர். சுண்ணாம்பு களியைத் திரளச்செய்ய, பல்பகுதியம் அத்திரள்களைப் பூசி நீர் புகாது காக்கின்றது. மண்ணைக் கல்லாக்குதல் இதன் நோக்கமன்று. உலர்ந்த மண்ணுக்கு இயல்பாகவே உள்ள உறுதியை, மழைக்காலத்திலும் இழக்காதிருக்கச் செய்தலே நோக்கம். மக்காடம் மேலேயிருந்து கற்கூரை வேய்ந்து செய்ததை, இத்தூள் ஒவ்வொரு துணிக்கைக்கும் தனித்தனிக் கூரை வேய்ந்து செய்கின்றது. இரு நூற்றாண்டுகள் சென்றபின் தெருக்கலை அவர் நின்ற இடத்துக்கே, ஆழ்ந்த அறிவோடு, மீண்டுள்ளது எனலாம்.

வரலாறு தரும் அளவுகோல்

இவ்வரலாற்றால் விளங்குவது ஒன்று. தெருவின் உறுதி மண்ணிற் சேர்த்த பொருளின் விலையாலோ புதுமையாலோ அமைவதன்று. அம்மண் நனைந்தபின்னும் பாரத்தைத் தாங்குகின்றதா என்பதே முடிவான சோதனை. புதிய பிணைபொருளோடு வருவோர் உலர்ந்த மாதிரியைக் காட்டி அதன் வன்மையைப் புகழ்வர். பொறியியலாளன் அதனை நான்கு நாள் நீரில் ஊறவைத்துப் பின்னரே நோக்குதல் வேண்டும். எந்த மண்ணுக்கு எப்பொருள் ஏற்றது என்பதையும், அது நிலத்தடி நீருக்கு என் செய்யும் என்பதையும் முன்னரே ஆராய்தல் வேண்டும். இவற்றோடு, கானை வெட்டி நீரை வழிவிடாத தெருவுக்கு எப்பிணைபொருளும் நெடுநாள் உதவாது என்பதை மறத்தலாகாது.

நகரத்தார்க்குத் தெருவின் பழுது ஒரு சிறு இடையூறு. ஒற்றைக் கிறவற் தெருவையே நம்பியுள்ள சிற்றூர்க்கோ அது நெல்லைச் சந்தைக்கும், பிள்ளையைப் பள்ளிக்கும், நோயாளியை வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்ல இயலாத ஒரு மாரி முழுவதுமாகும். கண்ணுக்குத் தோன்றாத அடிமண்ணிலே இத்தனை அறிஞர் தம் வாழ்நாளைச் செலவிட்டமைக்கு இதனினும் தக்க காரணம் வேண்டுவதில்லை.